ரிவால்வர் கைவிடாது என்ற நம்பிக்கை

அமெரிக்காவில் தற்காப்புக்காகத் துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்பவர்களிடையே, பிஸ்டல் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கி) சுடும்போது சிக்கிக்கொள்ளும், ரிவால்வர் (சிலிண்டர் என்ற சுழலும் உருளையில் தோட்டாக்களைக் கொள்ளும் கைத்துப்பாக்கி) ஒருபோதும் சிக்காது என்பது எவரும் கேள்வி கேட்காத நம்பிக்கையாக நிலைத்திருக்கிறது. டெக்சாஸில் வாழும் நானும் அதை நம்பி, ஐந்து தோட்டாக்கள் கொள்ளும் சிறிய ரிவால்வர் ஒன்றைப் பல ஆண்டுகள் வைத்திருந்தேன். இப்போது அதை எடுத்துச் செல்வதில்லை.

அந்த நற்பெயர் பொய்யானதன்று. முழு எஃகில் செய்யப்பட்டு, காவல்துறையின் ஆயுதப் பணியாளர்களால் முறையாகப் பராமரிக்கப்பட்ட பெரிய ரிவால்வர்கள் ஈட்டிய பெயர் அது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் உயிரிழந்த பிறகு, அமெரிக்கக் காவல் அமைப்புகள் பிஸ்டலுக்கு மாறுவது வேகமெடுத்தது. நியூயார்க் காவல்துறை 1993-இல் அந்த முடிவை எடுத்தது. ஆனால் மாற்றத்துக்கு முதன்மையான காரணங்கள் தோட்டாக்களின் எண்ணிக்கையும், சண்டையின் நடுவே மறுபடி நிரப்ப ஆகும் நேரமும்தான். பழுதாகிறது என்ற குற்றச்சாட்டில் ரிவால்வர் ஒதுக்கப்படவில்லை என்பதால், அதன் பெயர் சிறிதும் கெடாமல், இன்று சட்டைப்பையில் அடங்கும் இலகு ரகங்களுக்குப் பரம்பரைச் சொத்தாக வந்து சேர்ந்துவிட்டது.

அந்த இலகுவில்தான் சிக்கலின் பெரும்பகுதி இருக்கிறது. எடை குறையக் குறைய, சுடும்போது துப்பாக்கி பின்னோக்கித் தள்ளும் உதைப்பு கூடுகிறது. தோட்டாவின் மருந்து அடைத்த கூட்டின் வாய், அதன் முனையில் உள்ள குண்டை இறுகப் பிடித்திராவிட்டால், ஒவ்வொரு உதைப்பிலும் மீதமுள்ள தோட்டாக்களின் குண்டுகள் சிறிது சிறிதாக முன்னோக்கி நழுவி, சிலிண்டரின் முகப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு, அது சுழலவே முடியாதபடி செய்துவிடும். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் சற்றே மேலெழும்பி நின்றாலும், வெற்றுக் கூடுகளை வெளியேற்றும் நட்சத்திரத் தகட்டின் அடியில் எரியாத மருந்துத் துகள்கள் சேர்ந்தாலும் சிலிண்டர் முரண்டு பிடிக்கும். கூடுகளைத் தள்ளும் கம்பி தானே கழன்று சிலிண்டரைப் பூட்டிவிடும் பழைய நோய்க்காக ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் திருகு மரையின் திசையையே மாற்றியது. பழுதே ஆகாத இயந்திரத்துக்கு இந்த வைத்தியம் எதற்கு என்று ரிவால்வர் பக்தர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

என்னுடைய ரிவால்வரின் சிலிண்டர் பயிற்சியின்போது, தொழிற்சாலைத் தோட்டாக்களைச் சுடுகையிலேயே இறுகி நின்றது. தயாரித்த நிறுவனம் சரிசெய்து அனுப்பிய பிறகும் அதே இடத்தில் மீண்டும் நின்றது. பிஸ்டல் சிக்கினால், பெரும்பாலும் தோட்டாக்கள் அடங்கிய மேகசினைத் தட்டி, துப்பாக்கியின் மேல்புறம் நகரும் பகுதியான ஸ்லைடை இழுத்துவிட்டால் சில நொடிகளில் சுடலாம். ரிவால்வர் பூட்டிக்கொண்டால் மேசையும் கருவிகளும் வேண்டும். தாக்குபவர் எதிரில் நிற்கும்போது அவற்றுக்கு எங்கே போவது?

கோட்டுப் பையினுள் இருந்தபடியே சுடுவதற்கும், ஸ்லைடை இழுக்கக் கையில் வலுவற்றவர்களுக்கும் ரிவால்வர் இன்றும் பொருத்தமானது என்பதை ஏற்கிறேன். அவர்கள், அன்றாடம் நிரப்பி வைக்கும் அதே ரகத் தோட்டாவில் நான்கைச் சுட்டுவிட்டு, சுடாத ஐந்தாவதை வெளியே எடுத்து அளந்து பார்க்கட்டும். அதன் குண்டு முன்னே நகர்ந்திருந்தால் அந்த ரகத்தை அந்தத் துப்பாக்கியில் இனிப் போட வேண்டாம்.