எந்த நம்பிக்கைல வாழ்க்கைய ஓட்டுறீங்கன்னு கேக்குறவங்களுக்கு

எங்க வீட்டுக்காரர் பெயின்ட் வேலைல சாரத்துல இருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்கு கீழ உணர்ச்சி இல்லாம போனதுல இருந்து, பாக்க வர்றவங்க முக்காவாசி பேரு ரெண்டு விஷயம்தான் சொல்றாங்க. ஒண்ணு கர்மா, இன்னொண்ணு எல்லாம் நல்லதுக்குத்தான்மா. பாசத்துலதான் சொல்றாங்க, தெரியும், ஆனா அவர் விழுந்தது நல்லதுக்குன்னு சொல்ல எனக்கு வாய் வரல, வரவும் வராது.

அதுக்காக சாமி நம்பிக்கை போயிடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க. பிரதோஷத்துக்கு வேலூர் கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர்கிட்ட போயிட்டுதான் இருக்கேன். அந்த கோயிலே எத்தனையோ தலைமுறை மூலவர் இல்லாம, பூசை இல்லாம கெடந்துச்சு, சத்துவாச்சாரில இருந்த லிங்கத்த 1981லதான் திரும்ப கொண்டாந்து வெச்சாங்க. சாமியே அவ்ளோ நாள் காத்துகினு இருந்தாருடி, நமக்கு இன்னா அவசரம்னு எங்க அத்த சொல்லுவாங்க. சில நாள் கோவத்துல வெளக்கு கூட ஏத்த மாட்டேன், அதையும் சாமி பொறுத்துப்பாருன்னு நெனைக்கறேன்.

டாக்டர் மேரி வர்கீஸ் பத்தி நம்ம வேலூர்க்காரங்க எல்லாரும் தெரிஞ்சிக்கணும். கொச்சிக்காரங்க, இங்க வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரில சின்ன வயசு டாக்டர். 1954ல கார் விபத்துல முகமெல்லாம் அடி, இடுப்புக்கு கீழ செயலிழந்துடுச்சு. வேற யாரா இருந்தாலும் அத்தோட முடிஞ்சிதுன்னு விட்டிருப்போம். அவங்க அங்க தொழுநோய் ஆபரேஷன் பண்ணிட்டு இருந்த டாக்டர் பால் பிராண்ட் கிட்ட கத்துகிட்டு, வீல்சேர்ல உக்காந்துகினே தொழுநோயால விரல் மடங்கிப் போனவங்களுக்கு ஆபரேஷன் பண்ணாங்க, அந்த காலத்துல தொழுநோய்னா சொந்தக்காரனே கிட்ட வரமாட்டான், அவங்க கையதான் இவங்க புடிச்சாங்க. அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு திரும்ப இங்கயே வந்தாங்க. வேலூர் பாகாயத்துல 1966ல மறுவாழ்வு மையம் வந்துச்சு, 1972ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. இத படிச்சிட்டு பாத்தியா, விபத்தும் நல்லதுக்குத்தான்னு யாரும் கமென்ட் போடாதீங்க. விபத்து ஒண்ணும் நல்லது பண்ணல, பண்ணது அந்தம்மா.

எங்களுக்கு அந்த மாதிரி பெரிய காரியம் எதுவும் பண்ண முடியாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பி படுக்க வெக்கணும், வீல்சேர்ல உக்காந்திருக்கும்போது அப்பப்ப கைய ஊனி ஒடம்ப தூக்கணும், வலி தெரியாததால தோலு புண்ணாகுறதே அவருக்கு தெரியாது, நாமதான் தெனம் கண்ணால பாக்கணும், இதெல்லாம் ஒரு பிசியோ தங்கச்சி பொறுமையா சொல்லிக் குடுத்துச்சு. இன்னைக்கு வரைக்கும் ஒரு புண்ணு வரல. அந்த பொண்ணுக்காக நான் வேண்டாத நாளே இல்ல. பக்கத்து வீட்டு பாய் ராத்திரி குரல் குடுத்தா எழுந்து வந்து தூக்கி விடுவாரு, அவரு சம்சாரம் நோன்பு நேரத்துல கஞ்சி எங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிடும். நன்றின்னா எனக்கு இவங்க மூஞ்சிதான் ஞாபகம் வருது, சாமி இவங்க ரூபத்துலதான் வராருன்னு முழுசா நம்பறேன்.

இப்படி ஒருத்தர் இருக்கற வீட்டுக்கு போறவங்க ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிட்டு போகவேணாம். ஒரு மத்தியானம் அவரோட உக்காருங்க, கிரிக்கெட் பேசுங்க, தொழில பத்தி கேளுங்க, எந்த சுவத்துக்கு எந்த பிரைமர்னு எங்க வீட்டுக்காரர் இன்னிக்கும் ஒரு மணி நேரம் சொல்லுவாரு. அந்த நேரத்துல வீட்டு பொம்பளைய கொஞ்சம் தூங்க விடுங்க.