மாமனார் விட்டுச்சென்ற நான்கு கதவுகள்

(தாம்பரத்தில் ஒரு வீட்டு வாசல். ஓய்வுபெற்ற கணக்கர் சபாபதி, மாமனாரின் பழைய ஹெரால்டு காரை விற்க விளம்பரம் எழுதிக்கொண்டிருக்கிறார். மெக்கானிக் முனுசாமி வண்டியைச் சுற்றிச்சுற்றி வருகிறார்.)

சபாபதி: கேளுங்கள் முனுசாமி. "இங்கிலாந்தில் பிறந்த அசல் டிரையம்ப் ஹெரால்டு, இத்தாலியர் மிக்கெலோட்டி வரைந்த வடிவம், குடும்பத்தார் ஏறி இறங்க வசதியாக நான்கு கதவுகள்."

முனுசாமி: தொடக்கத்தில் சொன்ன பொய்யைக் கடைசியில் நீங்களே காட்டிக்கொடுத்துவிட்டீர்கள், சார். இங்கிலாந்தில் 1959 முதல் 1971 வரை செய்த ஹெரால்டு எதற்கும் நான்கு பக்கக் கதவுகள் வைத்ததே இல்லை.

சபாபதி: அப்படியானால் மற்ற இரண்டு?

முனுசாமி: நம் வண்டலூர்ப் பக்கத்தில் முளைத்தவை. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961இல் இங்கே ஹெரால்டைச் செய்யத் தொடங்கியபோது இரண்டு கதவுகள்தாம். ஆனால் அம்பாசிடரும் பியட்டும் நான்கு கதவுகளோடு நிற்கையில், முன் இருக்கையை மடித்துப் பாட்டியைப் பின்னால் திணிக்க வேண்டிய வண்டியை எத்தனை குடும்பங்கள் விரும்பும்? ஆகவே 1960களின் பிற்பகுதியில் இங்கேயே நான்கு கதவு ஹெரால்டைச் செய்தார்கள். உலகில் வேறெங்கும் அது கிடையாது.

சபாபதி: கப்பலில் வந்த வண்டி என்று மாமனார் சாகும்வரை சொன்னாரே!

முனுசாமி: தொடக்கத்தில் கப்பலில் வந்தவை பாகங்கள். உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாதவர்கள் பாகங்களை வரவழைத்துப் பொருத்தி விற்பது இனிச் செல்லாது என்று 1953இல் அரசு சொன்னதும், போர்டும் ஜெனரல் மோட்டார்சும் கடையைக் கட்டின. தங்கியவர்கள் வெளிநாட்டு வண்டியை உள்ளூர்ப் பிள்ளையாக்கினார்கள். மோரிஸ் ஆக்ஸ்போர்டு அம்பாசிடர் ஆயிற்று. பியட் 1100க்குப் பத்மினி என்று பெயர் வைத்த பிறகு, அதன் பிறந்த ஊரை யார் கேட்டார்கள்?

சபாபதி: நம் சென்னைக்காரர்கள் ஹெரால்டோடு நிறுத்திக்கொண்டார்களா?

முனுசாமி: அதையே திருத்திக் கேசல் என்று விட்டார்கள். பிறகு 1985இல்தான் வேடிக்கை. ஐரோப்பாவில் 1977ஆம் ஆண்டின் சிறந்த கார் என்று பெயரெடுத்த ரோவரின் உடலைக் கொண்டுவந்து, ஸ்டாண்டர்டு 2000 என்று பெயரிட்டு, உள்ளே 1940களின் வேன்கார்டு காரின் வழிவந்த எஞ்சினை வைத்தார்கள்.

சபாபதி: மாப்பிள்ளைக்குப் பட்டுவேட்டி கட்டிவிட்டு, மணமேடையில் அவன் தாத்தாவை உட்காரவைத்த கதையாக இருக்கிறதே!

முனுசாமி: விலையோ மாப்பிள்ளைக்கு உரியது. சில ஆண்டுகளிலேயே கல்யாணம் கலைந்துவிட்டது. இந்த ஹெரால்டு அப்படியல்ல, சார். முன்பக்கம் முழுவதும் முன்னோக்கித் திறக்கும்; டயர்மீது உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். முதுகுவலி உள்ள மெக்கானிக்குக் கடவுள் கொடுத்த வண்டி.

சபாபதி: (எழுதியதை அடித்துவிட்டு) "இங்கிலாந்திலும் இல்லாத, சென்னையில் மட்டுமே பிறந்த நான்கு கதவு ஹெரால்டு." விலையில் ஐம்பதாயிரம் கூட்டிவிட்டேன். நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவே மறந்துவிட்டேனே?

முனுசாமி: வாங்கத்தான் வந்தேன், சார்.

சபாபதி: அடடா!

முனுசாமி: வாசலிலேயே வாயை மூடிக்கொண்டு, "ஆமாம், இங்கிலாந்து வண்டிதான், பாகம் கிடைக்காது" என்று சொல்லியிருந்தால், பழைய விலைக்கே சாவியை வாங்கிப் போயிருப்பேன்.