"இழுவை" என்று தள்ளுவதற்கு முன்னால்

வாசகர் வட்டங்களில் பெரிய நாவல் எடுத்த மாதமென்றால் "இழுவை" என்ற தீர்ப்பு தயாராக இருக்கும். எங்கள் வட்டத்தில் டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா' எடுத்தபோதும் அதே பேச்சுதான். குறிப்பாக, நாவலின் முக்கியப் பாத்திரங்களில் ஒருவரான நிலக்கிழார் லெவின், தன் பண்ணை ஆட்களோடு புல் அறுக்கப் போகும் அத்தியாயங்கள். "கதை நகரவே இல்லை, தாண்டிப் போய்விட்டேன்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

எனக்கு மனசே ஆறவில்லை. முதலில் லெவினுக்கு வீச்சு சரியாக விழாது. மூச்சு வாங்கும், புல் அரைகுறையாக நிற்கும். வரிசை வரிசையாக அறுக்க அறுக்கக் கை தன்னால் ஓடுகிறது, நேரம் போவதே தெரிவதில்லை. ஓயாமல் யோசித்துத் தன்னையே குடைந்துகொள்கிற ஒரு மனிதன் யோசனையை மறக்கும் இடம் அது. நாளைக்குக் கூட்டம், இன்று ராத்திரிக்குள் முடித்தாக வேண்டும் என்று பக்கங்களைத் தள்ளினால் புல்தான் தெரியும், லெவின் தெரியமாட்டார்.

இத்தனைக்கும் அந்த நாவல் 1875 முதல் 1877 வரை ஒரு ரஷ்ய மாத இதழில் விட்டுவிட்டுத் தொடராக வந்தது. எட்டாம் பாகத்தை இதழாசிரியர் போட மறுக்க, டால்ஸ்டாய் அதைத் தனியாக அச்சிட்டார். முதல் வாசகர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்து படித்ததை நாம் நாலு வாரத்தில் விழுங்கிவிட்டுச் செரிக்கவில்லை என்கிறோம்.

பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. சில புத்தகங்கள் நிஜமாகவே இழுவைதான். ஆனால் எந்த இடத்தில் மூடி வைத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு மாதிரி போகும். மகனின் பிறந்தநாளன்று அன்னா யாருக்கும் தெரியாமல் அவனைப் பார்க்க வரும் இடத்தோடு நிறுத்திவிட்டதாக ஒருவர் சொன்னார். அதற்கு மேல் தாங்கவில்லையாம். புத்தகத்தை முடிக்காதவர் பேசக் கூடாது என்று விதி வைத்திருந்தால் அன்றைய கூட்டத்தின் மிக நல்ல வார்த்தையை இழந்திருப்போம்.

அப்புறம் இந்த மதிப்பெண் வழக்கம். எடுத்ததும் ஐந்துக்கு எத்தனை என்று கேட்காதீர்கள். இரண்டு என்று சொன்னவர் கடைசி வரை அந்த இரண்டைக் காப்பாற்றத்தான் வாதாடுவார்.

அடுத்த பட்டியலில் தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமாசவ் சகோதரர்கள்' இருக்கிறது. அதுவும் அதே இதழில் 1879, 1880இல் தொடராக வந்ததுதான். குறைந்தது மூன்று மாதம் ஒதுக்குங்கள். ஒரே மாதம் என்றால் நான் எதிர்த்துத்தான் கை தூக்குவேன்.