அப்பாவை எறக்கிட்டாங்களா?

வெள்ளிக்கிழமை நான் போட்ட படத்தை, அலுவலகத்தில் கொடுத்த அப்பாவின் ராணுவப் பதிவுத் தாளின் படத்தை, எடுத்துவிடச் சொல்லி இரண்டு பேர் இன்பாக்ஸில் எழுதியிருக்கிறார்கள். எடுக்க மாட்டேன். ஐசி எண்ணையும் ராணுவ எண்ணையும் மறைத்துத்தான் போட்டேன். மறைக்காமல் விட்டது ஒரே ஒரு வரி. அந்த வரியில் எங்கள் அப்பா பெயருக்கு முன்னால் கோப்பரல் என்று இருக்கிறது. அப்பா 1991இல் மலேசிய ராணுவத்தில் சார்ஜனாக, கோப்பரலுக்கு மேல் பதவியில், ஓய்வு பெற்றவர். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டை யாரிடம் கேட்டாலும் "சார்ஜன் வீடா?" என்றுதான் கேட்பார்கள், அப்பாவின் சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

படத்துக்குக் கீழே வந்த கருத்துகளை எல்லாம் படித்தேன். ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் "ஒரு சின்ன எழுத்துப் பிழைக்கு இவ்வளவு பெரிய பதிவா" என்று எழுதியவர்களுக்கும், அதற்கு லைக் போட்டவர்களுக்கும் பதில் சொல்லாமல் என்னால் தூங்க முடியவில்லை. அதனால்தான் இது.

முதலில் இது எழுத்துப் பிழையே கிடையாது. பெயரில் ஓர் எழுத்து மாறினால் அது எழுத்துப் பிழை. பிறந்த தேதி மாறினால் பதிவுப் பிழை. ராணுவத்தில் ஓர் ஆளின் பதவி குறைந்து நின்றால் அதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது. ராணுவத்தில் நிரந்தரமாகக் கொடுத்த பதவி தானாக இறங்காது. இறக்கினால்தான் இறங்கும். அது தண்டனை. 1972ஆம் ஆண்டு ஆயுதப் படைச் சட்டத்தில் ராணுவ நீதிமன்றம் கொடுக்கக்கூடிய தண்டனைகளில் பதவிக் குறைப்பும் ஒன்று. ஆக, அப்பாவின் விடுவிப்புச் சான்றிதழில் சார்ஜன் என்றும் இன்றைய பதிவில் கோப்பரல் என்றும் இருந்தால், இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற விஷயம் தெரிந்த ஆள் என்ன நினைப்பார்? இந்த மனிதர் ஏதோ தப்பு செய்திருக்கிறார், அதனால் சட்டைக் கையில் இருந்த பதவிக் கோட்டைப் பிடுங்கிவிட்டார்கள் என்று நினைப்பார். இதற்கு நம் ஊரில் பழி என்று பெயர். இருபத்தோரு வருஷம் ஒழுங்கு நடவடிக்கை என்று ஒரு சார்ஜ் கூட வாங்காத மனுஷன் மேல், அவர் இறந்த பிறகு விழுந்த பழி.

விஷயம் தெரிந்த ஆள் வரைக்கும் போக வேண்டாம். எங்கள் அம்மாவே அப்படித்தான் நினைத்தார். இதை வெள்ளிக்கிழமை எழுதவில்லை, எழுத மனசு வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அம்மாவுக்கு மலாய் வாசிக்க அவ்வளவாக வராது. ஆனால் கோப்பரல், சார்ஜன் என்ற இரண்டு சொல்லும் அவருக்கு அத்துப்படி. அலுவலகக் கவுன்ட்டரில் அந்தப் பதிவுத் தாளை எங்களிடம் கொடுத்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். விரல் அந்த இடத்தில் நின்றுவிட்டது. நான் அங்கே இருந்த பையனிடம், இது தப்பு, இவர் சார்ஜன் என்று சொன்னேன். அவன் திரையைப் பார்த்துவிட்டு, "ஆலா மாக்சிக், சாமா சாஜா, பென்சென் மாசோக் கான்?" என்றான். எல்லாம் ஒன்றுதான், பென்சன் வருகிறதுதானே என்று. கெட்ட பையன் இல்லை. மரியாதையாகத்தான் பேசினான், அம்மாவுக்கு நாற்காலி கூட இழுத்துப் போட்டான். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும்போது கிராப் காரில், டிரைவருக்குக் கேட்காத குரலில் என்னைக் கேட்டார்: "அப்பாவ எறக்கிட்டாங்களாம்மா? எனக்குத் தெரியாம எதாச்சும் நடந்துச்சா?"

நாற்பத்தேழு வருஷம் கூட வாழ்ந்த மனுஷி. அந்த ஒரு வரி அவரையே அப்படிக் கேட்க வைத்துவிட்டது. இப்போது சொல்லுங்கள், சாமா சாஜாவா?

"பென்சன் ஒழுங்கா வருதே" என்கிறீர்கள். வருகிறது. என்னுடைய முதல் சாட்சியே அதுதான். ராணுவத்தில் ஒருவருக்குப் பதவி உயர்வு கொடுத்தால் அது அவர் படைப்பிரிவின் ஆணையில் வெளியாகும், பெரிந்தா பஹாகியான் டுவா என்பார்கள். அதைப் பார்த்துத்தான் சேவைப் புத்தகத்தில் ஏற்றுவார்கள், சம்பளத்துக்கும் பதிவுக்கும் தகவல் போகும். அந்தக் காலத்தில் எல்லாம் கையால் எழுதியது, டைப் அடித்தது, கோப்பில் கோர்த்து அனுப்பியது. நடுவில் ஒரு தாள் விட்டுப்போனால் சம்பளம் ஒரு பதவியிலும் பதிவு இன்னொரு பதவியிலும் நின்றுவிடும். அப்பாவுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தை வைத்துப் போடுவது. அப்பாவுக்கு வந்ததும் சரி, இன்று அம்மாவுக்கு வருகிற பென்சென் தெர்பித்தான் என்ற குடும்ப ஓய்வூதியமும் சரி, சார்ஜன் சம்பளத்தை வைத்துத்தான். பணம் கொடுக்கும்போது சார்ஜன், பெயர் எழுதும்போது கோப்பரலா? எனக்கு ஒரு காசு கூட அதிகம் வேண்டாம். அந்த வரியைத் திருத்திக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் மட்டும் நியாயமான கேள்வி கேட்டிருந்தார். "உங்கள் அப்பா பெமாங்கு சார்ஜனாக இருந்திருக்கலாம் அல்லவா, தற்காலிகமாகக் கொடுத்த பதவி இடம் மாறும்போது திரும்பப் போய்விடும், ஹாகிகி, அதாவது நிரந்தரப் பதவி, கோப்பரலாகவே இருந்திருக்கலாம்" என்று. ஐயா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்படி நடப்பது உண்டு என்று எனக்கும் தெரியும். ஆனால் அப்பாவின் பதவி உயர்வுக் கடிதத்தில் ஹாகிகி என்றே இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால் எங்களிடம் இருப்பது நகல்தான், மூலம் ஈரத்தில் போய்விட்டது. நகலில் வருஷத்தின் கடைசி எண் மங்கிப் போய், ஆறா எட்டா என்று தெரியவில்லை. கவுன்ட்டரில் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஓர் எண் மங்கியதற்காக சார்ஜனுக்கு உரிய மூன்று கோடும் இல்லை என்று ஆகிவிடுமா?

அது ஆறுதான். 1986. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வாரம் தம்பிக்கு அம்மை போட்டிருந்தது. முகாம் குவார்ட்டர்ஸில் வாசலில் வேப்பிலை சொருகியிருந்தது. அம்மை போட்ட வீட்டில் ஊசி எடுக்காதே என்று பாட்டி தடுத்தார். மறுநாள் காலை அணிவகுப்பு, கோடு மாற்றியாக வேண்டும். அம்மா பாட்டி தூங்கும் வரை காத்திருந்து, அடுப்படி விளக்கில் உட்கார்ந்து, சட்டைக் கையில் இருந்த இரண்டு கோட்டைப் பிளேடால் ஒவ்வொரு நூலாகப் பிரித்து எடுத்துவிட்டு மூன்று கோட்டைத் தைத்தார். அந்தச் சட்டை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பச்சை வெளுத்துவிட்டது. கோட்டின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பழைய தையல் போன ஓட்டைகள் வரிசையாகத் தெரியும், இரண்டு கோடு இருந்த இடம் அது. அதன் மேல் மூன்றாவது. சின்ன வயசில் அந்த ஓட்டைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருப்பேன்.

அந்த மூன்றாவது கோடு சும்மா வரவில்லை. அப்பா 1970இல் சேர்ந்தார். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பத்திலிருந்து முதல் ஆள். போர்ட்டிக்சனில் பயிற்சி, அப்புறம் எஞ்ஞினியர் படை. கிரிக்கிலிருந்து ஜெலி போகிற கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் இன்று நாம் காரை நிறுத்தி யானை வருகிறதா என்று பார்க்கிறோம். அந்தச் சாலை வேலை நடந்தபோது 1974இல் கம்யூனிஸ்டுகள் வந்து இயந்திரங்களைத் தகர்த்தார்கள். ராணுவக் காவலோடுதான் சாலை போட்டார்கள், 1982இல்தான் திறந்தார்கள். அப்பா அங்கே இருந்தவர். ஜெரங்காப் சாமார் என்ற வார்த்தையை நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே கேட்டிருக்கிறேன். காட்டுப் பாதையில் புதைத்து வைக்கும் பொறி. அப்பாவுக்கு முன்னால் நடந்த நண்பருக்கு ஒரு கால் போனது. அதற்குப் பிறகு சாகும் வரைக்கும் அப்பா புல் தரையில் செருப்பில்லாமல் நடந்ததில்லை. தித்திவங்சா பூங்காவுக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துப் போனால்கூட சிமெண்ட் பாதையிலேயேதான் நடப்பார்.

"செத்துப்போனவருக்குப் பதவி எதுக்கு" என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு அதிகமாக வலித்தது அதுதான். 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகாடிஷுவில் சிக்கிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்க நம் படை போனது எல்லாருக்கும் தெரியும். அதில் உயிரை விட்டவர் பிரிபெட், அதாவது சாதாரண சிப்பாய், மாட் அஸ்னான் அவாங். இறந்த பிறகு அவரைக் கோப்பரலாக உயர்த்தினார்கள். இன்று அவரைக் கோப்பரல் என்றுதான் சொல்கிறோம், பிரிபெட் என்று யாராவது எழுதினால் திருத்துகிறோம். செத்தவருக்குப் பதவி எதற்கு என்று ராணுவம் அன்று கேட்கவில்லை. உயிரோடு இல்லாத மனிதருக்குப் புதிதாக ஒரு பதவி கொடுக்க முடியும் என்றால், உயிரோடு இருந்தபோது உழைத்து வாங்கிய பதவியை அவர் பெயரோடு விட்டு வைக்க முடியாதா?

அப்புறம் இன்னொரு கூட்டம். "நம்ம ஆளுங்கன்னாலே அவங்க இப்படித்தான் பண்ணுவாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவு செய்து என் அப்பாவை வைத்து அதைப் பேசாதீர்கள். அப்பா இறந்த அன்று கோலகங்சாரிலிருந்து பஸ் பிடித்து வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்று சல்யூட் அடித்துவிட்டு, அப்புறம் படிக்கட்டில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதவர் ஒரு மலாய்க்காரர். அப்பாவின் பிளாட்டூனில் இருந்தவர். சார்ஜன் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். சத்தியப் பிரமாணம் எழுதித் தருகிறேன் என்று இப்போது முதலில் சொன்னவரும் அவர்தான். நம் ஆட்கள் என்ன செய்தோம்? இத்தனை வருஷத்தில் எந்தக் கோயில் திருவிழாவில், எந்தச் சங்க விருந்தில் ஒரு முன்னாள் ராணுவ வீரரைக் கூப்பிட்டு முன் வரிசையில் உட்கார வைத்தோம்? டத்தோ பட்டம் வாங்கியவருக்கு மாலை போடுகிறோம், அரிசி மூட்டை கொடுத்தவருக்குப் பரிவட்டம் கட்டுகிறோம். அப்பா பின்னால் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டு நிற்பார். இந்தியர்கள் யாரும் ஆர்மியில் சேர்வதில்லை என்று என் மகனிடம் சொன்னது வேறு இனத்துப் பையன் இல்லை, அவன் கூடப் படிக்கிற தமிழ்ப் பையன்.

ஒவ்வொரு ஜூலை 31ஆம் தேதியும், ஹாரி பஹ்லாவான் என்ற வீரர்கள் நாள் அன்று, அப்பா பெரே தொப்பியைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் நின்றுகொண்டேதான் பார்ப்பார். முட்டி வலி வந்த பிறகும் உட்கார மாட்டார். அம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்தால் நிகழ்ச்சி முடிகிற வரைக்கும் தொட மாட்டார், ஆறிப்போய்விடும்.

"உங்கள் அப்பாவே ஏன் கேட்கவில்லை?" கேட்டார். பிஸ்கட் டின்னில் மூன்று கடிதத்தின் நகல் இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் டைப் அடித்துக் கொடுப்பவரிடம் காசு கொடுத்து எழுதியவை. மூன்றுக்கும் பதில் இல்லை. நான்காவதை எழுதவில்லை. இதற்கு மேல் கேட்டால் கெஞ்சுற மாதிரி இருக்கும் என்றார்.

அதற்குப் பிறகு ஒரு தடவை என்னிடம் கேட்டார். இப்போது எல்லாம் ஆன்லைனில் செய்யலாமாமே, நீ கொஞ்சம் பார்க்கிறாயா என்று. அலுவலகத்தில் வருஷக் கடைசிக் கணக்கு வேலை, அடுத்த வாரம் பார்க்கிறேன் என்றேன். அடுத்த வாரமும் பார்க்கவில்லை. அவர் மறுபடி ஞாபகப்படுத்தவில்லை. தை மாதம் போய்விட்டார். ஆகவே "இவ்வளவு நாள் நீ என்ன செய்தாய்" என்று கேட்டவருக்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் கேட்டது சரி.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அம்மாவும் நானும் மறுபடி போகிறோம். விடுவிப்புச் சான்றிதழ், மங்கிய அந்த நகல், கடைசி மாதச் சம்பளச் சீட்டு, இறப்புச் சான்றிதழ், கோலகங்சார் பாக்சிக்கின் சத்தியப் பிரமாணம் எல்லாம் கோப்பில் வைத்துவிட்டேன். அம்மா அந்தச் சட்டையையும் எடுத்து வைத்திருக்கிறார். அதெல்லாம் பார்க்க மாட்டாங்கம்மா என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

1986லிருந்து 1991 வரை எஞ்ஞினியர் படையில் இருந்த யாராவது, அல்லது அவர்கள் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸில் வாருங்கள். அப்பா பெயரையும் படைப்பிரிவையும் சொல்கிறேன். அந்த வருஷத்து ஆணையின் ஒரு நகல், இல்லை என்றால் அவர் மூன்று கோட்டோடு நிற்கிற ஒரு குழுப் படம், பின்னால் தேதி எழுதியிருந்தால் இன்னும் நல்லது. ஞாயிறு ராத்திரி வரைக்கும் முழித்துத்தான் இருப்பேன்.