வரி பாக்கிக்குத் தாலியைக் கழற்றுவார்களா?

"வீட்டு வரி கட்டாவிட்டால் அமீனா ராத்திரியில் வந்து தாலி, சமையல் பாத்திரம்கூட விடாமல் அள்ளிப்போவார்" என்று தர்மபுரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. அதைக் கேட்ட என் அத்தை இட்லிக் குண்டானையே பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்துவிட்டார்!

அது பொய். அமீனா நகராட்சி ஆள் இல்லை, நீதிமன்ற ஊழியர். உத்தரவு இல்லாமல் வர முடியாது. வந்தாலும், 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 60-இன்படி உடுதுணி, படுக்கை, சமையல் பாத்திரம், தொழிற்கருவி, மத வழக்கப்படி பெண்கள் கழற்றாத நகை எதையும் ஜப்தி செய்யக் கூடாது. தாலி அதில் அடக்கம். பொழுது சாய்ந்தபின் வீட்டுக்குள் நுழைய பிரிவு 62 தடை போடுகிறது.

டிவி, பைக்குக்கு அந்தச் சலுகை இல்லை. சரி, நோட்டீஸ் வந்தால்? ஒளியாமல் நகராட்சிக்குப் போய் பாக்கிக் கணக்கைச் சரிபாருங்கள். கட்டியதற்கு ரசீது வாங்குங்கள்.