அக்டோபர் 31 மாலை வீட்டில் இருங்கள்

அக்டோபர் பிறந்ததும் நியூஜெர்சியில் எங்கள் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் ஹாலோவீன் அழைப்புகள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். பண்ணைக்குப் போய்ப் பூசணி பறிக்கலாம், சோளக்காட்டுக்குள் வழி தேடி அலையலாம், டிராக்டர் இழுக்கும் வைக்கோல் வண்டியில் ஏறலாம், பேய் வீட்டுக்குள் நுழைந்து அலறலாம். எல்லாவற்றுக்கும் டிக்கெட். நாங்களும் போகிறோம். ஹட்சன் நதிக்கரையில் குரோட்டன் ஊரில் ஆயிரக்கணக்கான பூசணிகளைக் கையால் செதுக்கி, உள்ளே விளக்கேற்றித் தோட்டம் முழுக்க வைத்திருப்பார்கள். அதைக் கட்டாயம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மன்ஹாட்டனில் ரால்ஃப் லீ என்ற முகமூடிக் கலைஞர் 1974-இல் ஆரம்பித்த கிரீனிச் வில்லேஜ் ஊர்வலத்தையும் விட்டுவிடாதீர்கள். வேஷம் போட்டு வந்த யாரும் காசில்லாமல் அதில் சேர்ந்து நடக்கலாம் என்பதால் எனக்கு அதன்மேல் கூடுதல் பிரியம்.

ஆனால் நான் எழுத வந்தது, பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகும் 31-ஆம் தேதி மாலையைப் பற்றி. அன்று மட்டும் எங்கேயும் போகாதீர்கள். வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வீட்டில் இருங்கள். வீட்டுக்கு ஒரு பெரியவராவது மிட்டாய்ப் பாத்திரத்தோடு கதவருகே இருக்கட்டும். குழந்தைகளைத் தெருவில் இறங்கி நடக்க விடுங்கள்.

இதைச் சொல்லக் காரணம், வருடா வருடம் இருட்டு வீடுகள் கூடிக்கொண்டே போவதுதான். தெரு நடைக்குப் பதிலாக 'ட்ரங்க் ஆர் ட்ரீட்' வந்துவிட்டது. சர்ச், பள்ளிக்கூடம், அலுவலகம் என்று ஏதாவது ஒரு பார்க்கிங் இடத்தில் இருபது முப்பது கார்களை நிறுத்தி, டிக்கியைத் திறந்து சிலந்திவலை, எலும்புக்கூடு எல்லாம் கட்டி அலங்கரிப்பார்கள். பிள்ளைகள் ஒவ்வொரு டிக்கியாகப் போய் மிட்டாய் வாங்கிக்கொள்வார்கள். முக்கால் மணி நேரத்தில் பை நிறைந்துவிடும்.

இதை ஒரேயடியாகத் தப்பென்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வீடு அரை மைல் இருக்கும் கிராமங்களில், நடைபாதையே இல்லாத நெடுஞ்சாலை ஓரத்து அபார்ட்மென்ட்களில், வேறு என்ன செய்வார்கள்? சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குப் படியேற வேண்டிய ஒவ்வொரு வாசலும் தடைதான். சமதளமான பார்க்கிங் இடம் அதற்குப் பெரிய உபகாரம். அந்த வாரத்தில் வேறு ஒரு நாள் வைத்துக்கொண்டால் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு அமைப்பு சரியாக 31-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கே வைத்தது. அன்று எங்கள் தெருவில் ஆளே இல்லை.

எதிர்வீட்டுப் பெரியவரைத்தான் அன்று பார்க்கச் சகிக்கவில்லை. வாக்கர் பிடித்து நடப்பவர். ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் கராஜ் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். மிட்டாயை உடனே கொடுக்க மாட்டார். "நீ யாரு, தபால்காரரா?" என்று தப்பாகவே கேட்பார். அட்டைப்பெட்டியில் வாஷிங் மெஷின் செய்து மாட்டிக்கொண்டு வந்த பிள்ளை, "இல்லை தாத்தா, இங்கே பாருங்க, கதவு திறக்கும்" என்று திறந்து காட்டினால், உள்ளே இருக்கும் சாக்ஸை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கை பாத்திரத்துக்குள் போகும். ஒரு வீட்டில் இப்படி இரண்டு நிமிடம் நிற்பதில் எங்கள் பிள்ளைகள் கற்றுக்கொள்வது நிறைய. முகம் தெரியாத பெரியவரிடம் பேசுவது, ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்வது, நன்றி சொல்லிவிட்டு இறங்குவது என்று. நவராத்திரியில் கொலுவுக்கு வீடு வீடாகப் போய்ப் பாட்டுப் பாடிச் சுண்டல் வாங்கி வந்தவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். அத்தனை கொலுவையும் ஒரே மண்டபத்தில் வைத்து ஒரு மணி நேரத்தில் முடித்திருந்தால் நமக்கு எந்த மாமி வீட்டு வாசல் ஞாபகத்தில் இருந்திருக்கும்?

இந்த வழக்கம் வந்த கதையும் அதைத்தான் சொல்கிறது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களோடு கடல் கடந்து வந்த பண்டிகை அமெரிக்காவில் ஒரு கட்டத்தில் பையன்களின் அட்டகாசமாக மாறிப்போனது. கேட்டைக் கழற்றுவது, வண்டியைக் கவிழ்ப்பது, ஜன்னலை உடைப்பது. மினசோட்டாவின் அனோகா ஊரில் இதைத் தாங்க முடியாமல் 1920-இல் ஊரே சேர்ந்து ஊர்வலமும் விருந்தும் நடத்திப் பிள்ளைகளை இழுத்துப் பிடித்தார்கள். வீடு வீடாக மிட்டாய் கேட்பது பரவியதும் அதையடுத்த 1920-30களில்தான். இரண்டாம் உலகப்போரில் சர்க்கரை ரேஷனால் தடைபட்டு, 1947-இல் ரேஷன் முடிந்ததும் நாடு முழுக்கப் பிடித்துக்கொண்டது. ஆக, தெருவில் இருக்கும் பெரியவர்களும் பிள்ளைகளும் தங்களுக்குள் செய்துகொண்ட ஒரு சமாதானம் இது. ஒரு தரப்பு கதவைத் திறக்காவிட்டால் அதற்கு அர்த்தமே கிடையாது.

"காலம் கெட்டுக் கிடக்கிறது, மிட்டாயில் எவனாவது எதையாவது கலந்துவிட்டால்?" என்ற பயத்தை ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன். டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியல் பேராசிரியர் ஜோயல் பெஸ்ட் 1958-இலிருந்து வந்த செய்திகளைத் தோண்டிப் பார்த்தவர். முகம் தெரியாத யாரோ வாசலுக்கு வந்த பிள்ளைகளுக்கு விஷ மிட்டாய் கொடுத்து ஒரு பிள்ளையாவது இறந்ததாக உறுதியான சம்பவம் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. எல்லோரும் சொல்லும் 1974 டெக்சஸ் கொலையில் பிள்ளையின் மிட்டாயில் சயனைடு வைத்தது பெற்ற தகப்பன், இன்சூரன்ஸ் பணத்துக்காக. 1982-இல் சிகாகோ பக்கம் டைலினால் என்ற வலி மாத்திரையில் யாரோ விஷம் கலந்து ஏழு பேர் இறந்தபோது இந்தப் பயம் இன்னும் ஆழமாக வேரூன்றிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பையை ஒருமுறை பாருங்கள், பிரிந்த பொட்டலத்தைத் தூக்கிப் போடுங்கள். அவ்வளவு போதும்.

உண்மையான ஆபத்து கார். 1975 முதல் 2016 வரை 42 வருட விபத்துக் கணக்கை ஆராய்ந்து ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் வந்த அதே மாலைகளோடு ஒப்பிட்டால், ஹாலோவீன் மாலையில் நடந்து போகிறவர்கள் வண்டி மோதி இறக்கும் ஆபத்து 43 சதவீதம் அதிகம். மாலை ஆறு மணி வாக்கில் உச்சம். நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குத்தான் மிக அதிகம். இதைப் படித்த பிறகு என் வீட்டில் முகமூடி கிடையாது, முகத்தில் சாயம்தான். கறுப்பு வேஷம் என்றால் முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டாமல் வெளியே விட மாட்டேன். பெரியவர் ஒருவர் டார்ச்சோடு கூடவே போவார்.

இதையே காரணம் காட்டி, "அதனால்தான் பார்க்கிங் இடத்தில் வைக்கிறோம்" என்பார்கள். நான் மறுபக்கமாக யோசிக்கிறேன். பிள்ளைகளைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்துவானேன்? அந்த மூன்று மணி நேரம் காரை அப்புறப்படுத்துங்கள். நியூயார்க் நகரமே 2022-இலிருந்து ஹாலோவீனுக்காகப் பல தெருக்களில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு விடுகிறது. அவ்வளவு பெரிய நகரத்தில் முடியும்போது நம் டவுன்ஷிப்பில் இரண்டு தெருவை அடைக்க முடியாதா? போய்க் கேட்க வேண்டியது நாம்தான். ஊரும் அரசாங்கமும் இந்த மாலையைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. 2012-இல் சாண்டி புயல் நியூஜெர்சியைப் புரட்டிப் போட்டபோது, கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி கையெழுத்துப் போட்டு ஹாலோவீனை நவம்பர் 5-க்குத் தள்ளிவைத்தார்.

அப்புறம் வளர்ந்த பிள்ளைகள். வர்ஜீனியாவின் செசபீக் நகரத்தில், பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள் மிட்டாய் கேட்டு வந்தால் சிறைத் தண்டனை வரைக்கும் போகலாம் என்று பல்லாண்டுகளாகச் சட்டம் இருந்தது. 2019-இல்தான் வயதைப் பதினான்காக உயர்த்திச் சிறையை நீக்கினார்கள். பதினைந்து வயதுப் பையன் வேஷமில்லாமல் தலையணை உறையை நீட்டினால் உங்களுக்கு எரிச்சல் வரலாம். தயவுசெய்து கொடுத்துவிடுங்கள். அவன் வேறு எங்கோ சுற்றாமல் உங்கள் வாசலுக்கு வந்து நிற்கிறான். 1992 அக்டோபரில் லூசியானாவில் யோஷிஹிரோ ஹட்டோரி என்ற பதினாறு வயது ஜப்பானிய மாணவன் ஹாலோவீன் விருந்துக்குப் போகும் வழியில் வீடு மாறி வேறு கதவைத் தட்டினான். திருடன் என்று பயந்து சுட்டுவிட்டார்கள், இறந்துபோனான். வெளிநாட்டிலிருந்து வந்து பிள்ளை வளர்க்கும் எனக்கு அந்தச் சம்பவம் நெஞ்சை விட்டுப் போவதேயில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் முகம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், நம் பிள்ளைகளின் முகம் அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஆட்களிடமும் ஒரு வார்த்தை. "இது நம்ம பண்டிகையே இல்லையே" என்று நம்பிக்கை காரணமாக ஒதுங்குபவர்களை மதிக்கிறேன். ஆனால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு. பிள்ளைகளுக்கு வேஷம் கட்டி, அப்பா அம்மா இருவருமே கூடப் போய்விடுகிறோம். வீடு பூட்டி இருட்டாகக் கிடக்கிறது. ஊர் வாசலில் வாங்குகிற நாம் நம் வாசலிலும் கொடுக்க வேண்டாமா? ஒருவர் போங்கள், ஒருவர் இருங்கள். 2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. கோலம் போட்டு அகலும் பூசணியும் வைத்து ஆள் இருந்த வீடுகளில் பிள்ளைகள் அந்தக் கோலத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

ஒவ்வாமை உள்ள பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். டென்னசியில் 2012-இல் ஒரு அம்மா ஆரம்பித்து, 2014-இலிருந்து நாடு முழுக்கப் பரவிய வழக்கம் ஒன்று உண்டு. பூசணிக்கு நீலப்பச்சை வண்ணம் அடித்து வாசலில் வைத்தால், அந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத பொருளும் கிடைக்கும் என்று அர்த்தம். ஸ்டிக்கர், பென்சில், சோப்புக் குமிழி எதுவாக இருந்தாலும் சரி. வேர்க்கடலை ஆகாத பிள்ளையின் அம்மா உங்கள் வாசல் படியிலேயே உங்களுக்கு நன்றி சொல்வார்.

நெடுஞ்சாலை ஓரத்து அபார்ட்மென்ட்களில் இருக்கும் நண்பர்கள் இந்த வருடம் பிள்ளைகளோடு எங்கள் தெருவுக்கே வந்துவிடுங்கள். ஐந்தரைக்கே வந்தால் வெளிச்சம் இருக்கும். காரை எங்கள் வீட்டு முன்பு விட்டுவிட்டு நடக்கலாம். எதிர்வீட்டுப் பெரியவரிடம் இப்போதே சொல்லிவைக்கிறேன். எத்தனை பேர், யாருக்கு என்ன ஒவ்வாது என்று மட்டும் கீழே எழுதுங்கள், அதற்கேற்ப வாங்கிவைத்துவிடலாம்.