இலைக்கும் முதுகு உண்டு

ரமேஷ்: அண்ணாச்சி, இது என்ன செடின்னு மட்டும் சொல்லுங்க. போன்ல உள்ள ஆப் 96 சதவீதம் கலத்தியான்னு ஒரு அலங்காரச் செடிங்குது.

அண்ணாச்சி: மிச்சம் 4 சதவீதத்துக்குத்தான் நர்சரிக்கு வந்தியாக்கும்.

ரமேஷ்: விளையாடாதீங்க. போட்டோவைப் பாருங்க. ஒரு அடி நீளத்துக்கு இலை, நடுவுல வெளிர்பச்சை, ரெண்டு பக்கமும் கரும்பச்சைத் தீற்றல். மயில் இறகு மாதிரி இல்ல?

அண்ணாச்சி: முதுகைக் காட்டு.

(ரமேஷ் திரும்பி நிற்கிறான்.)

அண்ணாச்சி: உனக்க முதுகு இல்லடே, இலைக்க முதுகு!

ரமேஷ்: அதை எடுக்கலியே. ஆப் கேக்கவும் இல்ல.

அண்ணாச்சி: ஆதார் கார்டுக்கே பின்பக்கம் ஜெராக்ஸ் கேக்கான். ஒரு செடிக்குக் கேக்கப்பிடாதா?

ரமேஷ்: கத்தரிப்பூ நிறம்னு நினைக்கேன்.

அண்ணாச்சி: கலத்தியாவுலயும் நிறைய வகைக்கு அடிப்பக்கம் அதே நிறம்தான். அதை மட்டும் வச்சு முடிவு கட்ட முடியாது. காம்பு இலையோட சேருற இடத்துல சின்னதா ஒரு வீக்கம், முட்டி மாதிரி இருந்துதா? கலத்தியாவுக்கு அது உண்டு. ராத்திரி இலையைத் தூக்கிக் கும்பிடுற மாதிரி வைக்கிறது அந்த முட்டியாலதான். ராத்திரி எட்டு மணிக்கு ஒருக்கா போய்ப் பாத்திருக்கலாமே.

ரமேஷ்: எட்டு மணிக்கு நான் ஆப்ல பாத்துக்கிட்டு இருந்தேன்.

அண்ணாச்சி: சரி. கிழங்கைக் கீறி மோந்து பாத்தியா?

ரமேஷ்: மோந்து பாக்க ஆப்ல வசதி இல்லையே அண்ணாச்சி.

அண்ணாச்சி: மூஞ்சிக்கு நடுவுல ஆண்டவன் ஒண்ணு வச்சிருக்கான். சார்ஜ்கூட போட வேண்டாம். இஞ்சிக் குடும்பம்னா கிழங்கைக் கீறினதும் காரமா ஒரு வாசம் எழும்பும். கலத்தியாவுல அது கிடையாது. மூக்கு ஒரு நொடியில சொல்லிப்போடும்.

ரமேஷ்: கிழங்குக்கு எங்க போக? செடிதான் செத்துப்போச்சே.

அண்ணாச்சி: எப்ப?

ரமேஷ்: ஆடியில அத்தை தந்தது. கார்த்திகை மழை வரைக்கும் ஜம்முன்னு நின்னுது. மார்கழியில மஞ்சளிச்சுது. பொங்கலுக்கு ஒரு இலை மிச்சமில்ல. நான் ஒரு குறையும் வைக்கல. மஞ்சளிச்சதுமே ரெண்டு வேளை தண்ணி, ஒரு கரண்டி யூரியா.

அண்ணாச்சி: உறங்கப் போனவனுக்கு வாயைப் பிளந்து சோறு ஊட்டியிருக்கே. இலை மஞ்சளிச்சா, செடி கிழங்குக்குள்ள போய் முடங்கப் போகுதுன்னு அர்த்தம். அப்பவே தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, இலை காஞ்சதும் நிறுத்திரணும். மழை படாத திண்ணை மூலையில தொட்டியை வச்சிட்டு மூணு மாசம் திரும்பிப் பாக்கப்பிடாது. ஈரம் நின்னா கிழங்கு கூழாயிரும். வெயில்ல செத்த செடியைவிட வாளியால செத்த செடிதான் ஊருல அதிகம்.

ரமேஷ்: நல்லவேளை, பொங்கல் கழிஞ்சதும் முருங்கை மூட்டுல கொட்டிட்டேன். அது போகட்டும், இன்னொரு செடிக்கும் பேரு கேக்கணும். இந்த போட்டோ. இலை கிடையாது, தண்டு கிடையாது. வெறும் தரையைப் பிளந்துக்கிட்டு வெள்ளைப் பூ, நடுவுல ஊதா இதழ். நல்ல வாசம். மறுநாள் வாடிருது, பக்கத்துல அடுத்தது வருது. ஆப் 81 சதவீதம் ஆர்க்கிட்டுங்குது.

அண்ணாச்சி: எங்க பூத்துது?

ரமேஷ்: முருங்கை மூட்டுல.

(அண்ணாச்சி பூவாளியைக் கீழே வைக்கிறார்.)

அண்ணாச்சி: மக்கா, நீ கொட்டினது எங்க?

ரமேஷ்: முருங்கை மூட்டுல.

அண்ணாச்சி: பூத்தது?

ரமேஷ்: முருங்கை மூட்டுல. ராசியான இடம் அண்ணாச்சி.

அண்ணாச்சி: ரெண்டும் ஒரே செடிடே! இதுக்குப் பூ முந்தி, இலை பிந்தி. வேனல்ல மொட்டைத் தரையில பூத்து முடிச்சிட்டு, பொறவுதான் இலைச் சுருளை நீட்டும்.

ரமேஷ்: ஆனா ஆப் ரெண்டு பேரு சொல்லுதே?

அண்ணாச்சி: ரேஷன் கார்டுல உனக்க பேரு என்ன?

ரமேஷ்: ரமேஷ்.

அண்ணாச்சி: ஆதார்ல?

ரமேஷ்: ரமேஷ் குமார்.

அண்ணாச்சி: அப்போ வீட்டுக்கு ரெண்டு பேருக்கு அரிசி வாங்குகியா?

ரமேஷ்: சரி, செடிக்க பேரைச் சொல்லுங்க.

அண்ணாச்சி: அந்தால மலையாளத்துல செங்கழிநீர்க் கிழங்கு.

ரமேஷ்: அது குளத்துல உள்ள பூவுல்லா?

அண்ணாச்சி: அது செங்கழுநீர், ஆம்பல் கூட்டம். இது தரையில கிடக்க இஞ்சிக் கூட்டம். வடக்க பூமிசம்பாம்பாங்க.

ரமேஷ்: கிழங்கா... வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட இதைவிட நல்ல பேரு இல்லையா?

அண்ணாச்சி: கெம்ப்ஃபேரியா ரொட்டுண்டா.

ரமேஷ்: ரொட்டி உண்டாவா? மார்த்தாண்டத்து டீக்கடையில கேக்க மாதிரில்லா இருக்கு.

அண்ணாச்சி: ஸ்வீடன்ல செடியாராய்ச்சி பண்ணின லின்னேயஸ் 1753ல வச்ச அறிவியல் பேருடே. கெம்ப்ஃபர்னு ஒரு ஜெர்மன் டாக்டர் நினைவா.

ரமேஷ்: அவரு நட்ட செடியா?

அண்ணாச்சி: அவரு 1716லயே போய்ச் சேந்தாச்சு. ஜெர்மன்காரன் பேரைக் கேட்டதும் முகம் தெளியுது பாரு! இதே செடியை 'கிழங்கு, 40 ரூபாய்'னு எழுதி வாசல்ல வச்சேன். ஒருத்தன் குனிஞ்சு பாக்கல. அட்டையைத் திருப்பி 'ரெசரெக்ஷன் லில்லி, 350'ன்னு எழுதினேன். இங்கிலீஷ்ல நிசமாவே அதுக்கு அந்தப் பேரு உண்டு, உயிர்த்தெழுற லில்லின்னு அர்த்தம். ஈஸ்டருக்கு முந்தியே தீந்துபோச்சு. தமிழ்ப் பேரு இருந்தா கொல்லைப்புறத்துல கிடக்கணும், இங்கிலீஷ்ல சொன்னா பால்கனிக்கு ஏறும். உங்களுக்குச் செடி வேண்டாம்டே, அட்டைதான் வேணும்.

ரமேஷ்: (மெதுவாக) ரெசரெக்ஷன்... நடுவுல ரெண்டு 'ஆர்' போடணுமா?

அண்ணாச்சி: எழுதிக்க வேண்டியது அது இல்ல, இது. பூ முடிஞ்சு இலை வரதுக்கு முந்தி தோண்டு. அரை அடி தள்ளிக் குத்தி, மண்ணோட நெம்பு. வேர் நுனியில சின்னச் சின்ன உருண்டை தொங்கும். நோயின்னு நினைச்சு அறுத்துப் போடாதே, அதுதான் அதுக்க சேமிப்பு. ஒரு துண்டுக்கு ஒரு முளையாவது இருக்கட்டும். வெட்டின வாயில சாம்பல் தடவி ஒரு நாள் நிழல்ல உலத்து. செம்மண்ணு ரெண்டு பங்கு, மணல் ஒண்ணு, மக்கின சாணி ஒண்ணு. பத்து இஞ்ச் தொட்டி, அடியில ஓட்டை அடையாம ஓட்டுச்சில்லு. ரெண்டு விரக்கடை ஆழம், முளை மேல பாத்து. இலை எட்டிப் பாக்க வரைக்கும் தண்ணி தெளிச்சாப் போதும். காலை வெயில் பட்டாக் குத்தமில்ல, மத்தியான வெயில் விளிம்பைக் கருக்கிரும்.

ரமேஷ்: எந்த நோய்க்கு நல்லது?

அண்ணாச்சி: கண்ணுக்கு நல்லது. இஞ்சின்னு சொன்னதை வச்சு டீயில தட்டிப் போட்டிராதே.

ரமேஷ்: ஆப்ல 'சரியான பெயரைத் திருத்தவும்'னு ஒரு கட்டம் இருக்கு. போட்டிரட்டா?

அண்ணாச்சி: மழை விழட்டும், இலை வரட்டும். அப்ப எடு படம்.

ரமேஷ்: முதுகோட?

அண்ணாச்சி: முதுகோட.

ரமேஷ்: அப்போ அந்த 96 சதவீதம்னு காட்டினது என்ன கணக்கு?

அண்ணாச்சி: போட்டோவை இன்னொரு தடவை பாரு மக்கா. ஓரத்துல ஒரு இலை. மிச்சம் 96 சதவீதம் உனக்க வீட்டு டைல்ஸ்.